விண்டோஸ் 11 உங்கள் கணினியில் ஓடுமா? படிப்படியாகப் பார்ப்பது எப்படி

‘இந்தக் கணினி விண்டோஸ் 11க்கான தேவைகளைப் பூர்த்தி செய்யவில்லை’ என்று திரையில் வந்ததும் பலர் நேராகப் புது லேப்டாப் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த ‘இல்லை’யில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தேவையான பாகமே கணினிக்குள் இல்லாதது. இன்னொன்று, பாகம் உள்ளேயே இருந்தும் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் இயங்கும் அடிப்படை அமைப்பில், அணைத்து வைக்கப்பட்டிருப்பது. முதலாவதற்குப் பணம் செலவாகும். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை போதும். உங்களுடையது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. கணினி பற்றி அதிகம் தெரியாதவரும் செய்துபார்க்கும்படி எழுதியிருக்கிறேன்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அதற்காகப் பழைய கணினி அன்றே நின்றுவிடவில்லை, வழக்கம்போல ஓடுகிறது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அதன்பின் தானாக இலவச அப்டேட் வராது (தனியே சேர வேண்டிய ஒரு திட்டத்தைக் கடைசியில் சொல்கிறேன்). நெட் பேங்கிங், வருமான வரி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதே கணினியில் நடக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

மைக்ரோசாஃப்ட் கேட்பது என்ன?

64 பிட் பிராசசர், அதில் குறைந்தது 2 கோர், 1 கிகாஹெர்ட்ஸ் வேகம். 4 ஜிபி ராம். 64 ஜிபி சேமிப்பிடம். யூஇஎஃப்ஐ வகை ஃபர்ம்வேர் (பயாஸின் புதிய வடிவம்), அதில் செக்யூர் பூட் வசதி (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் காவல்). டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பகுதி, விளக்கம் பிறகு). டைரக்ட்எக்ஸ் 12 தெரிந்த கிராஃபிக்ஸ். 9 அங்குலத்துக்குமேல் அளவுள்ள, 720பி திரை.

படிக்கும்போது எல்லாம் எளிதாகத்தான் தெரியும். பத்து வருடப் பழைய கணினியிலும் இதில் பாதிக்குமேல் இருக்கும். சிக்கல் அந்தப் பட்டியலில் வெளிப்படையாகத் தெரியாத ஒரு நிபந்தனையில் இருக்கிறது: உங்கள் பிராசசர் மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் அங்கீகாரப் பட்டியலிலும் இருக்க வேண்டும். 3 கிகாஹெர்ட்ஸில் பறக்கும் பழைய இன்டெல் ஐ7 பிராசசர் இதில் தோற்கும், மெதுவாக ஊரும் புதிய செலரான் தேறிவிடும். எனவே சோதனையை ராமில் தொடங்காதீர்கள், பிராசசரில் தொடங்குங்கள். அது தோற்றால் மற்றதைப் பார்த்துப் பயனில்லை. அது தேறினால் மீதி பெரும்பாலும் செட்டிங்ஸ் வேலைதான்.

முதலில் பிராசசர்

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து ‘சிஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘பிராசசர்’ என்ற வரியில் இன்டெல் கோர் ஐ5-8250யு என்பதுபோல ஒரு பெயர் இருக்கும். ஐ5 என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கோடுக்குப் பிறகு வரும் எண்தான் தலைமுறையைச் சொல்லும்.

8250 என்றால் முதல் இலக்கம் 8, ஆக 8ஆம் தலைமுறை. 7200 என்றால் 7ஆம் தலைமுறை. 10210 போல ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டைச் சேர்த்துப் படியுங்கள், அது 10ஆம் தலைமுறை. புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: 1135ஜி7, 1235யு போன்றவை. நான்கு இலக்கம்தான், ஆனால் 1இல் தொடங்குகின்றன. இவற்றிலும் முதல் இரண்டு இலக்கமே தலைமுறை, முறையே 11, 12. ‘ஒன்றாம் தலைமுறைக் கணினியைத் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உண்மையான முதல் தலைமுறை ஐ7-860 போல மூன்று இலக்கத்தில் இருக்கும்.

இன்டெல்லில் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும் பட்டியலில் உள்ளன. 7ஆம் தலைமுறையில் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர மற்றவை இல்லை. 8ஆம் தலைமுறையை இன்டெல் 2017 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் வாங்கிய கணினி என்றால், பில்லைப் பார்த்தே ஏறக்குறைய முடிவு சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் முதல் சில ஆண்டுகளில் வந்தவை இந்தக் காரணத்தாலேயே வெளியே நிற்கின்றன.

செலரான், பென்டியம் வைத்திருப்பவர்கள் எண்ணை முழுதாகப் பார்க்க வேண்டும். என்4000 பட்டியலில் உண்டு, என்3350 இல்லை. ஏஎம்டி நிறுவனப் பிராசசர்களில் ரைசன் 2000 வரிசையிலிருந்து கதவு திறக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. ரைசன் 5 2600 தேறும், அதே 2000 வரிசையில் வந்த லேப்டாப் பிராசசர் 2500யு தேறாது, உள்ளே இருப்பது முந்தைய வடிவமைப்பு. ரைசன் 1000 வரிசையை நம்ப வேண்டாம். ஐயம் இருந்தால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இன்டெல், ஏஎம்டி என்று தனித்தனியாக உள்ள பட்டியலில் உங்கள் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

அடுத்து, ஒரே திரையில் மூன்று விவரம்

ஸ்டார்ட்டைத் திறந்து ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதே பெயரில் ஒரு செயலி வரும். அதன் முதல் பக்கத்திலேயே நமக்கு வேண்டியது இருக்கிறது. வலப்பக்கப் பட்டியலில் மூன்று வரிகளைத் தேடுங்கள்.

‘சிஸ்டம் டைப்’: இதில் எக்ஸ்64 என்று இருக்க வேண்டும். எக்ஸ்86 என்று இருந்தால் 32 பிட் விண்டோஸ் ஓடுகிறது என்று பொருள். பிராசசர் 64 பிட்டாக இருந்தும் யாரோ 32 பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்கலாம். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 32 பிட்டிலிருந்து நேராக மேம்படுத்தவும் வழியில்லை. கோப்புகளை எடுத்துவைத்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும்.

‘பயாஸ் மோட்’: யூஇஎஃப்ஐ என்று இருந்தால் நல்லது. லெகஸி, அதாவது பழைய பயாஸ் முறை, என்று இருந்தால் பதற வேண்டாம். 8ஆம் தலைமுறைக் கணினி எல்லாவற்றிலும் யூஇஎஃப்ஐ உள்ளே உண்டு. நிறுவியவர் பழைய பழக்கத்தில் லெகஸியில் போட்டிருப்பார்.

‘செக்யூர் பூட் ஸ்டேட்’: ‘ஆன்’ என்றால் சரி. ‘ஆஃப்’ என்றாலும் நிறுவலுக்குத் தடையில்லை, ஏனெனில் மைக்ரோசாஃப்ட் கேட்பது அந்த வசதி இருக்கிறதா என்பதைத்தான். ஆனாலும் ஆன் செய்துவிடுங்கள். வாலரண்ட் விளையாடும் பிள்ளை வீட்டில் இருந்தால் எப்படியும் செய்ய வேண்டிவரும், விண்டோஸ் 11இல் அந்த விளையாட்டு செக்யூர் பூட்டையும் டிபிஎம் 2.0ஐயும் கேட்கிறது. ‘அன்சப்போர்ட்டட்’ என்று வந்தால் பெரும்பாலும் பயாஸ் மோட் லெகஸியில் இருப்பதே காரணம். அதைச் சரிசெய்தால் இதுவும் மாறும்.

டிபிஎம் எங்கே ஒளிந்திருக்கிறது?

டிபிஎம் என்பது சாவிகளை, அதாவது வட்டுப் பூட்டின் சாவி, விண்டோஸ் பின் எண்ணுக்கான சாவி போன்றவற்றை, மற்ற மென்பொருள்கள் தொட முடியாதபடி தனியே காக்கும் பகுதி. தனிச் சில்லாகவும் இருக்கலாம், பிராசசர் தளத்துக்குள்ளேயே ஃபர்ம்வேராகவும் இருக்கலாம். விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் டிபிஎம், ஒரு புள்ளி, எம்எஸ்சி என்று இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள்.

கீழே ‘ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன்: 2.0’ என்று தெரிந்தால் வேலை முடிந்தது, மூடிவிடலாம். அதே திரையில் ‘கிளியர் டிபிஎம்’ என்று ஒரு வரி இருக்கும். என்னவென்று பார்ப்போமே என்று அதை அழுத்திவிடாதீர்கள், வட்டு பூட்டப்பட்டிருந்தால் சாவி போய்விடும். ‘இணக்கமான டிபிஎம் கிடைக்கவில்லை’ என்ற பொருளில் செய்தி வந்தால், 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த கணினியில் அது அணைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் இது மிகச் சாதாரணம். டிபிஎம் சில் வாங்கி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் உடனே காசை எடுக்காதீர்கள், முதலில் பயாஸைப் பாருங்கள்.

பயாஸுக்குள் போகும் முன்

இந்த ஒரு பத்தியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பல லேப்டாப்களில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு, உரிமையாளருக்கே தெரியாமல் ஆன் ஆகியிருக்கும். அப்படிப்பட்ட கணினியில் செக்யூர் பூட், டிபிஎம் அமைப்பைத் தொட்டால் அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் கல்யாண ஃபோட்டோவுக்கும் கடைக் கணக்குக்கும் வழி அடைபட்டதுதான். எனவே முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்தச் சாவி சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்தில் எழுதிவையுங்கள். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். முக்கியக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். இந்த மூன்றும் முடிந்தபின் பயாஸைத் தொடலாம்.

உள்ளே போக, கணினியை ஆன் செய்த கணமே ஒரு சாவியைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், ஏசர் என்றால் எஃப்2. எச்பி என்றால் எஃப்10. திங்க்பேட் என்றால் எஃப்1, மற்ற லெனோவோ பெரும்பாலும் எஃப்2. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் என்றால் டெலிட். நேரம் தவறிக்கொண்டே இருந்தால் விண்டோஸ் 10இன் செட்டிங்ஸில் ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’, அதில் ‘ரிகவரி’, அதில் ‘அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்’ வழியாக ரீஸ்டார்ட் செய்து, ‘டிரபிள்ஷூட்’டுக்குள் ‘யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

உள்ளே டிபிஎம் என்ற பெயரிலேயே தேடினால் கிடைக்காமல் போகலாம். இன்டெல் போர்டில் ‘பிடிடி’ அல்லது ‘பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி’ என்றும், ஏஎம்டி போர்டில் ‘எஃப்டிபிஎம்’ என்றும், சிலவற்றில் ‘டிரஸ்டட் கம்ப்யூட்டிங்’ தலைப்பின்கீழ் ‘செக்யூரிட்டி டிவைஸ் சப்போர்ட்’ என்றும் இருக்கும். ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்டு’ என்ற இரண்டு பகுதிகளில்தான் தேட வேண்டும். ‘எனேபிள்’ செய்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். புரியாத மற்ற எதையும் மாற்றாதீர்கள். மாற்றும் முன் அந்தத் திரையைச் செல்ஃபோனில் படம் எடுத்துவைத்தால் திரும்பி வர வழி இருக்கும்.

லெகஸியில் இருந்தால்

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பயாஸில் லெகஸியை யூஇஎஃப்ஐ என்று மாற்றிச் சேமித்தால் அடுத்து வருவது ‘பூட் டிவைஸ் கிடைக்கவில்லை’ என்ற கருந்திரை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்துவிடுவார்கள். டிஸ்க் போகவில்லை. லெகஸியில் நிறுவிய வட்டு எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் பிரிக்கப்பட்டிருக்கிறது, யூஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் தொடங்க ஜிபிடி அமைப்பு வேண்டும். பயாஸில் திரும்ப லெகஸி என்று வைத்தால் பழையபடி வந்துவிடும்.

முறை இதுதான்: முதலில் வட்டை மாற்று, பிறகு பயாஸை மாற்று. விண்டோஸ் 10க்குள்ளேயே அதற்கான கருவி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலவ்ஃபுல்ஓஎஸ் என்பதை ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஒவ்வொரு சாய்கோட்டுக்கு முன்பும் ஓர் இடைவெளி. இது எதையும் மாற்றாது, மாற்ற முடியுமா என்று மட்டும் பார்க்கும். முடியும் என்று வந்தால், வேலிடேட் இருந்த இடத்தில் கன்வெர்ட் போட்டு அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள். அது முடிந்தபின் பயாஸில் யூஇஎஃப்ஐ.

‘டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெயில்டு’ என்று வந்தால்? நம் ஊர்க் கடைகளில் விண்டோஸ் போட்டுக் கொடுக்கும்போது கேட்காமலேயே சி, டி, இ என்று டிரைவ் பிரித்துக் கொடுப்பார்கள். எம்பிஆர் வட்டில் டி, இ இரண்டும் பெரும்பாலும் லாஜிகல் பார்ட்டிஷனாக, அதாவது ஒரு பெரிய பிரிவுக்குள் அடங்கிய உட்பிரிவாக, இருக்கும். இந்தக் கருவி லாஜிகல் பார்ட்டிஷன் உள்ள வட்டைத் தொடாது, பிரைமரி பார்ட்டிஷனும் (வட்டின் நேரடிப் பிரிவு) மூன்றுக்குமேல் இருக்கக் கூடாது. ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து பார்த்தால் பச்சைக் கட்டத்துக்குள் டி, இ நிற்பது தெரியும். அப்படியென்றால் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, யூஇஎஃப்ஐ வைத்துப் புதிதாக நிறுவுவதுதான் சுத்தமான வழி. பார்ட்டிஷனை இழுத்து நீட்டும் இலவச மென்பொருள்களை நம்பி, நகல் எடுக்காமல் இறங்காதீர்கள்.

ராமும் வட்டும்: தேவை வேறு, தேறுவது வேறு

4 ஜிபி ராமில் விண்டோஸ் 11 நிறுவப்படும். அதன்பின் பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் நீங்களே வருத்தப்படுவீர்கள். 8 ஜிபிதான் நடைமுறையில் குறைந்தபட்சம். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, அதில் ‘மெமரி’ பாருங்கள். ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2’ என்று இருந்தால் இன்னொரு ராம் மாட்ட இடம் இருக்கலாம். மெல்லிய லேப்டாப் சிலவற்றில் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்து விசாரியுங்கள்.

அதே இடத்தில் ‘டிஸ்க்’ பகுதியில் எஸ்எஸ்டியா (வேகமான சில் வகை வட்டு) எச்டிடியா (சுழலும் பழைய வகை வட்டு) என்று தெரியும். தேவைப் பட்டியல் எஸ்எஸ்டி கேட்கவில்லை. நான் கேட்கிறேன். எச்டிடியில் விண்டோஸ் 11 போட்டுவிட்டு ‘புது விண்டோஸ் சரியில்லை’ என்பவர்கள் எஸ்எஸ்டி மாற்றியதும் வாயை மூடிக்கொள்வார்கள். பழைய கணினிக்குச் செய்யும் செலவில் இதுதான் உருப்படியான செலவு. 64 ஜிபி என்பது வட்டின் மொத்த அளவு. 32 ஜிபி மட்டும் உள்ள மலிவு லேப்டாப்கள் இங்கேயே கழன்றுவிடும்.

கிராஃபிக்ஸையும் திரையையும் தனியே சோதிக்கத் தேவையில்லை. பிராசசர் தேறிய லேப்டாப்பில் அவையும் தேறியிருக்கும்.

இவ்வளவும் பார்த்தபின் மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டுங்கள். முதலில் ஓட்டினால் அது பயமுறுத்தும், இப்போது ஓட்டினால் அது சொல்வது புரியும். ‘செக் நவ்’ அழுத்தி, ‘சீ ஆல் ரிசல்ட்ஸ்’ கொடுத்தால் ஒவ்வொரு தேவைக்கும் பச்சையா சிவப்பா என்று காட்டும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் யாரோ எழுதிக்கொடுத்த டாஸ் காலத்துப் பில்லிங் மென்பொருளை இன்றும் ஓட்டும் கடைகள் இருக்கின்றன. அது 32 பிட் விண்டோஸில்தான் நேராக ஓடும். கணினி எல்லாத் தேர்விலும் தேறினாலும், விண்டோஸ் 11 போட்ட மறுநாள் பில் போட முடியாது. பழைய டாஸ் மென்பொருள்களை ஓட்டித்தரும் டாஸ்பாக்ஸ் போன்றவற்றில் அது ஓடுகிறதா, பிரிண்டரில் பில் வருகிறதா என்று வேறொரு கணினியில் பார்த்தபின் முடிவெடுங்கள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி ஆகியவற்றுக்கு விண்டோஸ் 11 டிரைவர் உண்டா என்பதையும் தயாரித்தவரின் தளத்தில் பாருங்கள். வன்பொருள் தேவைப் பட்டியல் இவற்றைப் பற்றி ஒரு வரியும் பேசாது.

செகண்ட்ஹேண்ட் வாங்குபவர்களுக்கு

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ ‘விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்’ என்று சொன்னால் அது தகுதிச் சான்று அல்ல. தகுதி இல்லாத கணினியிலும் சோதனையைத் தாண்டி நிறுவ முடியும். மாடல் பெயரையும் நம்பாதீர்கள். திங்க்பேட் டி470 வேண்டாம், டி480 வாங்கு என்பார்கள், பொதுவாகச் சரிதான். ஆனால் டி480இலேயே 7ஆம் தலைமுறை ஐ5 போட்டு வந்தவை உண்டு. டெல் லாட்டிட்யூட் 7490இலும் இதே கதைதான். கணினியை ஆன் செய்து, பிராசசர் எண்ணை உங்கள் கண்ணால் பார்த்தபின் விலை பேசுங்கள்.

பிராசசரே தேறவில்லை என்றால்

சோதனையைத் தாண்டி நிறுவலாம், வழி சொல்லும் வீடியோக்கள் ஏராளம். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. மிகப் பழைய பிராசசர்களில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து பூட் ஆகவே ஆகாது, அவற்றில் இல்லாத சில கட்டளைகளை அந்தப் பதிப்பு கட்டாயமாக்கிவிட்டது. உபரியாகக் கிடக்கும் கணினியில் விளையாடிப் பார்க்கலாம், பேங்க் வேலை செய்யும் கணினியில் வேண்டாம் என்பது என் கருத்து.

விண்டோஸ் 10லேயே கொஞ்ச நாள் இருக்க வேண்டுமென்றால், அதன் கடைசிப் பதிப்பான 22எச்2க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம், 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி கொடுக்கலாம், அல்லது செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்து காசில்லாமல் சேரலாம்.

இன்னொரு வழி, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். 2 ஜிபி ராமிலும் ஓடும், 4 இருந்தால் வசதி. டிபிஎம் கேட்காது, பிராசசர் தலைமுறை கேட்காது. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப்பார்க்கலாம், வட்டில் எதுவும் மாறாது. அப்படி ஓட்டும்போது வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா, கேமராவும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து நாலு வரி தட்டிப்பாருங்கள். அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ கட்டாயமாக விண்டோஸ் மென்பொருள் ஏதாவது வேண்டுமா என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டபின் ‘இன்ஸ்டால்’ அழுத்துங்கள்.